சங்கத்தோட 2025 ஆண்டறிக்கை, செயலாளர் வாசிச்சது

தலைவர் ஐயாவுக்கும், வந்திருக்கிற பெரியவங்க, அம்மாமார், தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம்.

மத்த விஷயத்த சட்டுன்னு சொல்லிடுறேன். மார்ச் 28 மியான்மர் நிலநடுக்கத்துக்கு அப்புறம் மண்டலே பக்கம் அனுப்ப அரிசி, பாய், மருந்து சேர்த்தோம், வீடு வீடா போனப்ப ஒருத்தர்கூட கைய விரிக்கல. தமிழ் வகுப்பு ஞாயித்துக்கிழமை தவறாம நடந்துச்சு. கணக்க பொருளாளர் அண்ணன் வாசிப்பார்.

இப்ப நம்ம பாஸ்கெட்பால் டீம். ஆடினது 11 மேட்ச், ஜெயிச்சது 2. தோத்ததுல எனக்கு கோவம் இல்லங்க. நம்ம பசங்களுக்கு 15லேருந்து 18 வயசு, எதிர்ல நிக்கிறவங்க பல வருஷமா ஒன்னா ஆடுறவங்க, அடி வாங்கித்தான் ஆகணும். என் மனசு ஆறாதது பசங்கள நடத்துன விதம்தான். 11 மேட்ச்ல ஒரே அஞ்சு பேர் ரெண்டு தடவ சேர்ந்து இறங்கல. நேத்து உள்ள இருந்தவன் இன்னிக்கு பெஞ்சுல, ஏன்னு அவனுக்கும் தெரியாது, அப்புறம் யாரு எங்க நிப்பான், பாஸ் எங்க வரும்னு எப்படி பழகும்?

யாங்கூன் தாம்வேல ஆடின கடைசி மேட்ச்ச சொல்றேன். மூணாவது குவார்ட்டர் முடியறப்ப நாம 6 பாயின்ட் முன்னாடி. அடுத்த குவார்ட்டர்ல அவங்க ஃபுல் கோர்ட் பிரஸ் போட்டாங்க, அதாவது கோர்ட் முழுக்க நம்மள நெருக்கி மறிச்சாங்க, 8 செகண்டுக்குள்ள பால நடுக்கோடு தாண்டி கொண்டு போகணும், நம்மால முடியல, வரிசையா 13 பாயின்ட் அவங்களுக்கு விட்டோம். ஆட்டத்த நிறுத்தி பசங்ககிட்ட பேச ரெண்டாம் பாதிக்கு 3 டைம்அவுட் உண்டு, கோச் ஒன்னுகூட கேக்கல, சைடுலேருந்து "ஓடு ஓடு"ங்கிற சத்தம் மட்டும்தான். பால கொண்டு போய் ஆட்டத்த நடத்துற பாயின்ட் கார்டு பையன் ரெண்டு தடவ பால விட்டான், உடனே வெளிய இழுத்து எல்லார் முன்னாடியும் திட்டு. அவன் தலைல துண்டப் போட்டுக்கிட்டு குனிஞ்சவன் விசில் அடிக்கிற வரைக்கும் நிமிரவே இல்ல. அவங்க அம்மா பின்னாடி வரிசைலேருந்து எந்திரிச்சு வந்து டிபன் கேரியர அவன் கால்கிட்ட வச்சிட்டு ஒரு வார்த்த பேசாம திரும்பிப் போனாங்க, அத பார்த்த எனக்கு அன்னிக்கு சோறு இறங்கல.

அந்தப் பையன் மூணு வாரம் பிராக்டிஸுக்கு வரல. ரெண்டு தடவ வீட்டுக்குப் போனேன். "சயா (கோச்) ஏன்டா விட்டேன்னு கேக்கறாருண்ணே, எப்படி விடாம இருக்கறதுன்னு சொல்லித் தரல"ன்னான். கோச் அண்ணன் ஒரு பைசா வாங்காம வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறவர், அவர் மேல எனக்கு இருக்கிற மரியாதை இருக்கு, ஆனா இத இந்த சபைல சொல்லாம இருக்க முடியாது.

நம்ம ஹால்ல கரண்டும் நெட்டும் இருக்கிற காலைல பசங்களோட சேர்ந்து அமெரிக்காவோட NBA பாஸ்கெட்பால் லீக்ல ஆடுற டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் மேட்ச் பாக்கறது உங்களுக்குத் தெரியும், பனிக்காலத்துல அங்க ராத்திரி 7 மணின்னா நமக்கு விடிகாலை 6:30. 2023-24ல அவங்க தொடர்ந்து 28 மேட்ச் தோத்தாங்க, 82ல ஜெயிச்சது 14தான். அவங்க முக்கிய ஆட்டக்காரர் கேட் கன்னிங்ஹாமுக்கு அப்ப 22 வயசு. அதே டீம்ல ஜேடன் ஐவி மாதிரி இளம் பையன சீசன் ஆரம்பத்துல பெஞ்சுல உக்கார வச்சத பார்த்து நம்ம பசங்களே கொதிச்சாங்க. சீசன் முடிஞ்சதும் கோச் மாண்டி வில்லியம்ஸ அனுப்பிட்டு பிக்கர்ஸ்டாஃப கொண்டு வந்தாங்க, அடுத்த வருஷம் 44 ஜெயிச்சு பிளேஆஃப் போனாங்க. கோச் மட்டும் மாறல, டோபயஸ் ஹாரிஸ் மாதிரி சீனியர் ஆளுங்களையும் கூட சேர்த்தாங்க, ஆனா கன்னிங்ஹாம் அதே பையன்தானே.

நான் கோச்ச மாத்தணும்னு கேக்கல. கமிட்டி மூணு விஷயத்த இன்னிக்கே முடிவு பண்ணணும். வர்ற சீசன்ல மொத 5 மேட்ச்சுக்கு ஒரே அஞ்சு பேர்தான் ஆரம்பிக்கணும், தோத்தாலும். நம்ம காலத்துல ஆடின அண்ணன்மார்ல ரெண்டு பேர் வாரம் ஒரு நாள் வந்து பிரஸ்ஸ எப்படி உடைக்கிறதுன்னு பசங்களோட கூட ஆடிக் காட்டணும். மேட்ச் நடுவுல திட்டு கூடாது, சொல்ல வேண்டியத டைம்அவுட்ல கூப்பிட்டு சொல்லணும்.

அந்தப் பையன் போன ஞாயித்துக்கிழமை கோர்ட்டுக்கு வந்தான். பந்த தொடல, ஓரமா நின்னு பார்த்துட்டு போயிட்டான். இந்த ஞாயிறு காலைல 6 மணிக்கு பிராக்டிஸ், முடிஞ்சவங்க வந்து நில்லுங்க.