கொல்லிமலை ஏறும் பைக் குழுக்களுக்கு, அடிவாரத்திலிருந்து ஒரு மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளிக்கு நீங்கள் வரிசையாகப் போகும் சத்தத்தில்தான் எங்கள் தெரு கண் விழிக்கிறது. சேலம், ஈரோடு, திருச்சி வண்டிகள், சில வாரம் பெங்களூரு வண்டிகளும் வரும். போகும்போது எண்ணுவேன். சாயங்காலம் திரும்பும்போதும் எண்ணுவேன். இங்கே மெக்கானிக் கடை போட்டு 26 வருஷம் ஆகிறது, இந்தப் பழக்கம் மட்டும் விடவில்லை. எண்ணிக்கை ஒன்று குறைந்தால், இருட்டிய பிறகு ஒரு குட்டியானை லோடு வண்டி கடை வாசலில் வந்து நிற்கும். பின்னால் கயிறு போட்டுக் கட்டிய வண்டி கிடக்கும்.

மலைக்கு வராதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, மேலே சோளக்காடு ஊரில் வண்டியை நிறுத்தி ஒரு டீ குடிக்கும்போது கிடைக்கிற நிம்மதி எனக்கும் தெரியும். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்களில் ஒருவர் விழுந்தால், ஏன் விழுந்தார் என்பதை உள்ளது உள்ளபடி பேசுங்கள்.

விழுந்து வருகிறவர்களிடம் என்ன ஆச்சு என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் மணல் என்பார்கள். மீதிப் பேர் பஸ் என்பார்கள். கூட வந்தவர்களும் "ஆமாண்ணா, மணல்தான்" என்று தலையாட்டுவார்கள். அடிபட்டவனை மேலும் நோகடிக்கக் கூடாது என்ற நல்ல மனசு அது. ஆனால் அந்த நல்ல மனசில் அடுத்த வாரம் இன்னொருவன் விழுகிறான்.

போன ஐப்பசியில் வந்த ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். ஓட்டி வந்த தம்பிக்கு 22 வயது இருக்கும், முழங்கையில் கட்டு. "மணல்ணா, சறுக்கிருச்சு" என்றான். நான் பின் டயர் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்தை மெதுவாகச் சுற்றினேன். ஓர் இடத்தில் தீப்பெட்டி அகலத்துக்கு ரப்பர் மழுங்கச் சீவியிருந்தது. சக்கரம் சுற்றாமல் நின்று, ரோட்டில் இழுபட்ட தடம் அது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் அவன் வண்டியில் உண்டு. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயமாயிற்றே. ஆனால் அவன் வண்டியில் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பின் பிரேக்கை மிதித்தால் பூட்டிக்கொள்ளும். அது அவனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் முன் டயரைக் காட்டினேன். புது டயர். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தது. இரண்டு ஓரத்திலும் புது டயருக்கே உரிய ரப்பர் முடி அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"இதுக்கு என்னண்ணா அர்த்தம்?"

"டயர் ஓரம் ரோட்டைத் தொடவே இல்லைடா. வண்டி இன்னும் நல்லா சாய்ஞ்சிருக்கும். நீதான் சாய்க்கலை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அவனே சொன்னான். "அண்ணனுங்க முன்னாடி போயிட்டாங்க. விட்டுடக் கூடாதுன்னு அவங்க டெயில் லைட்டையே பார்த்துக்கிட்டு வந்தேன். வளைவு திடீர்னு வந்துருச்சு. பயத்துல பின் பிரேக்கை மிதிச்சேன். அப்புறம் ஓரத்துக் கல்லுதான் தெரிஞ்சுது." இவ்வளவு சொன்னானே, இதில் மணல் எங்கே இருக்கிறது? ரோட்டுக்குப் பதில் டெயில் லைட்டைப் பார்த்தது, வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்காதது, வளைவுக்குள் பிரேக் மிதித்தது, கடைசியில் கல்லைப் பார்த்தது. கண் போகிற பக்கம்தான் வண்டியும் போகும். இந்த நாலையும் அவன் குழுவில் சொல்லியிருந்தால் அன்றைக்கே இருபது பேர் கற்றிருப்பார்கள்.

மணலே கிடையாது என்று சொல்லவில்லை. மழைக்குப் பிறகு மண் வழிந்து வளைவின் உள் ஓரத்தில் தங்கும். பஸ், லாரி சிந்திய டீசல் இருக்கும். கீழே ஊர்ப்பக்கம் கதிரை ரோட்டில் பரப்பி வைத்திருப்பார்கள். அதைத் தூரத்திலேயே கவனிக்கத்தான், வண்டிக்கு முன்னால் கண் ரோட்டில் போக வேண்டும் என்கிறேன்.

வேகம் என்றால் எல்லோரும் 80, 100 என்றுதான் நினைக்கிறார்கள். கொண்டை ஊசியில் கணக்கு வேறு. 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டி சுமார் 18 டிகிரி சாய்ந்தால் போதும். 30இல் போனால் 35 டிகிரி சாய வேண்டும். 40இல் போனால் 50 டிகிரியைத் தாண்டும். சாதாரண பைக்கில் அதற்கு முன்பே ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் வண்டியை வெளியே தள்ளும் விசை நாலு மடங்காகிறது, அதனால்தான் இப்படி. வெறும் 10 கிலோமீட்டர் வித்தியாசம் இந்த மலையில் எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள். குறைக்க வேண்டியதை வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே குறைத்துவிடுங்கள். உள்ளே போன பிறகு ஆக்சிலேட்டரை லேசாக, ஒரே சீராகக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். டயருக்கு உள்ள பிடிமானம் ஓர் அளவுதான். திரும்புவதற்கு முக்கால்வாசி செலவாகும் நேரத்தில் பிரேக்கும் வந்து பங்கு கேட்டால் அதனால் தாங்க முடியாது.

இன்னொன்று, வளைவு வந்ததும் பலர் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். கை விறைத்துப் போனால் வண்டி திரும்பாது. ஓரளவு வேகத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடக்கைப் பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும், வண்டி தானாக இடப்பக்கம் சாயும். கேட்கத் தலைகீழாகத் தோன்றும். காலி மைதானத்தில் 30, 40இல் போய் லேசாகத் தள்ளிப் பாருங்கள், உங்கள் கை உடனே புரிந்துகொள்ளும். லைசென்ஸ் எடுக்கும்போது எட்டுப் போட்டோமே, அது நடக்கிற வேகம். அதில் இந்தப் பாடம் வராது.

கடைக்கு வரும் பையன்கள் செல்போனில் விபத்து வீடியோ காட்டுவார்கள். ஒருவன் வளைவில் விழுவான், எல்லோரும் "அய்யோ" என்று சத்தம் போட்டுவிட்டு அடுத்ததுக்குத் தள்ளிவிடுவார்கள். நான் வாங்கி, விழுவதற்கு இரண்டு வினாடிக்கு முன்னால் நிறுத்துவேன். ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கடா என்பேன். பெரும்பாலும் வளைவு ஒரு பக்கம் போகும், ஹெல்மெட் நேராகவோ வெளி ஓரத்தையோ பார்த்திருக்கும். அடுத்த வினாடியில் சாய்ந்த வண்டி நிமிரும். நிமிர்ந்தால் நேராகத்தானே போகும்? பத்து வீடியோ இப்படிப் பார்த்த பையன் ஒருவன், "அண்ணா, இவங்க விழறதுக்கு முன்னாடியே விழுந்துட்டாங்க" என்றான். அவனுக்கு நான் வேறு எதுவும் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். கடை போட்ட புதிதில் மேலிருந்து இறங்கும்போது, வலப்பக்கம் திரும்பும் வளைவில் நான் விழுந்திருக்கிறேன். பெட்ரோல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். பிரேக்கிலேயே காலை வைத்து வந்ததில் டிரம் சூடேறி, வளைவு வந்தபோது பாதிப் பிடிப்புதான் இருந்தது. எதிரே கறுப்பு வெள்ளை அடித்த தடுப்புச் சுவர். அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே போய் அதிலேயே மோதினேன். வலப்பக்கம் ரோடு காலியாகத்தான் கிடந்தது.

மெக்கானிக் ஆயிற்றே, பிரேக் சூடேறியது தெரியாமல் விழுந்தேன் என்று எப்படிச் சொல்வது? நாய் குறுக்கே வந்துவிட்டது என்றேன். எல்லோரும் நம்பினார்கள். என் கடையில் வேலை பார்த்த பையனும் நம்பினான். இரண்டு வருஷம் கழித்து அவன் அதே மாதிரி நியூட்ரலில் இறங்கி, அதே மாதிரி ஒரு வளைவில் போய் மோதினான். தோள்பட்டை எலும்பு முறிந்து மூன்று மாதம் வீட்டில் கிடந்தான். ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இவன் கியரில் இறங்கியிருப்பானே என்று நினைத்து நினைத்து அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் காலையில் அவனிடம் சொன்னேன். நாயே வரவில்லை என்று நான் சொன்ன முதல் ஆள் அவன்தான்.

கடையில் பஞ்சர் ஒட்ட வந்த ஒரு பயிற்சியாளர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் குழுவோடு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஏறக்குறைய 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981இல் அறிக்கை கொடுத்தாராம். வேறு வண்டி மோதாமல் தானாக நடந்த விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஓட்டியவரின் பிழையே காரணம். அளவுக்கு மீறி பிரேக் போட்டுச் சறுக்கியது, வளைவில் அடங்காமல் வெளி ஓரத்துக்குப் போனது, இவைதான் வழக்கமான பிழைகள். சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் முறையான பயிற்சி இல்லாமல், தானாகவோ வீட்டார், நண்பர்களைப் பார்த்தோ ஓட்டக் கற்றவர்கள். நாமும் அப்படித்தானே கற்றோம்? ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்கிறோம் என்றால் பிழையையும் மறைக்காமல் காட்ட வேண்டும்.

அதனால் குழுவை நடத்துகிறவர்களிடம் சில வேண்டுகோள்கள். புதிதாக வந்தவரைக் கடைசியில் விடாதீர்கள். முன்னால் போகும் அனுபவசாலிக்கு அடுத்த இடத்தில் விட்டு, அவருக்கு ஏற்ற வேகத்தில் எல்லோரும் போங்கள். மேலே போய்ச் சேர எத்தனை நிமிஷம் ஆனது என்ற பேச்சை விட்டுவிடுங்கள். வளைவின் மறுமுனை தெரியும்வரை அவசரப்பட்டு உள் ஓரத்துக்குப் போகக் கூடாது என்று கற்றுக்கொடுங்கள். வலது வளைவில் நடுக்கோட்டை ஒட்டிச் சாய்ந்தால் சக்கரம் நம் பக்கம் இருந்தாலும் தலை எதிர்ப்பக்கம் போய்விடும். அங்கே பஸ் வரும். கொண்டை ஊசியில் பஸ்ஸுக்கு முழு ரோடும் வேண்டும், அது டிரைவரின் தப்பு கிடையாது. ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்றுவிடுங்கள். இறங்கும்போது ஏறுகிற வண்டிக்கு வழிவிடுங்கள், சட்டமும் அதுதான். இறக்கத்தில் இரண்டாம் கியர், தேவைப்பட்டால் முதல் கியர். நியூட்ரல் வேண்டவே வேண்டாம்.

சாய்த்து ஓட்டிப் பழக ஆசையிருந்தால் கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும் ரேஸ் டிராக் இருக்கிறது. அங்கே பயிற்சி வகுப்பு நடக்கும்போது சேர்ந்துகொள்ளுங்கள். அங்கே எதிரே பஸ் வராது.

அப்புறம், மேலே டீ குடிக்க நிற்கிறீர்களே, அந்தப் பத்து நிமிஷத்தில் ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள், இன்றைக்கு எந்த வளைவில் பயம் வந்தது, அப்போது கண் எங்கே இருந்தது என்று. விழுந்ததை மட்டும் சொன்னால் போதாது, விழாமல் தப்பித்ததையும் சொல்லுங்கள். மூத்தவர்கள் முதலில் ஆரம்பியுங்கள். அண்ணனே சொல்கிறார் என்றால்தான் புதுப் பையன் வாயைத் திறப்பான்.

போன ஐப்பசியில் வந்த அந்தத் தம்பியின் பின் டயரை அவனிடமே கேட்டு வாங்கி, கடை வாசலில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். சீவிய இடத்தைச் சுற்றி வெள்ளைச் சாக்பீஸால் வட்டம் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஐந்தரைக்கே கடை திறந்துவிடும். காற்று பார்த்துக்கொள்ள நிறுத்தும்போது அதையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். யார் டயர், என்ன ஆச்சு என்று கேட்டால் சொல்கிறேன், அவனே சொல்லச் சொல்லியிருக்கிறான்.

அன்புடன்,
உங்கள் அடிவாரத்து மெக்கானிக்