பயண நேரத்தைத் தமிழில் தெளிவாக எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விமானச்சீட்டுகளில் புறப்படும் நேரமும் சென்றடையும் நேரமும் அந்தந்த நாட்டு மணிக்கணக்கிலேயே குறிக்கப்படுகின்றன. இது உலக வழமை. ஆனால் பயண முகவர்கள் தமிழில் எழுதிக் கொடுக்கும் தாள்களில் மொத்தப் பயணம் எத்தனை மணித்தியாலம் என்பது விடுபட்டுப் போவதால், வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கத் தனியே புறப்படும் வயோதிபப் பெற்றோர் பெரிதும் தடுமாறுகிறார்கள்.

கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் மிகக் குறுகிய வழியில் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். மெல்பேர்ண் ஏறத்தாழ 8,350 கிலோமீற்றர். தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆயினும், கோடை காலத்தில் பிற்பகல் 1 மணிக்குப் புறப்படும் நேரடி விமானம் லண்டனில் இரவு 7.30 மணிக்கு இறங்கும் என்று எழுதியிருந்தால், பார்ப்பவர் அதை ஆறரை மணித்தியாலப் பயணம் என்றே எண்ணுவார். அப்போது லண்டன் நேரம் எமது நேரத்துக்கு நாலரை மணித்தியாலம் பின்னால் இருப்பதால், உண்மையில் அது 11 மணித்தியாலப் பயணம். மெல்பேர்ண் சீட்டிலோ பத்தரை மணித்தியாலப் பயணம் 15 மணித்தியாலம் போலத் தெரியும். லண்டனிலிருந்து திரும்பும்போது, உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று விமானத்துக்குத் துணைநிற்பதால், பயணம் பொதுவாகச் சற்று விரைவாகவே முடியும். சீட்டு மட்டும் அதை நீட்டிக் காட்டும்.

வரைபடத் தூரத்தை வைத்தும் நேரத்தைக் கணக்கிட முடியாது. கொழும்பு–லண்டன் குறுக்குப் பாதை ஈரான், கருங்கடல் ஆகியவற்றைத் தாண்டி உக்ரேனின் தென்மேற்கு மூலையைத் தொடுகிறது. 2022 பெப்ரவரி முதல் அந்த வான்பரப்பு பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருப்பதால் விமானங்கள் விலகியே செல்ல வேண்டியுள்ளது.

வெள்ளவத்தை காலி வீதியில் உள்ள ஒரு பயண முகவர் நிலையத்தில் அண்மையில் ஓர் அம்மாவைக் கண்டேன். தாளின் பின்புறத்தில் பென்சிலால் ‘6½ மணி’ என்று எழுதி, அதன்படி தமது இன்சுலின் ஊசியையும் சாப்பாட்டையும் திட்டமிட்டுக்கொண்டிருந்தார். மேசையிலிருந்தவர், “ஓம் அம்மா, இரவுச் சாப்பாட்டுக்கு மகளிட்டப் போயிடுவீங்கள்” என்றார். அது பொய்யல்ல, ஆனால் அந்த இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கொழும்பில் நள்ளிரவு என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரிடம் ஊசி நேரத்தைக் கேட்டறியச் செல்லும்போது, பயணத்தின் உண்மையான நீளத்தைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ரொறன்ரோ செல்வோரின் நிலை இன்னும் சிக்கலானது. கொழும்பிலிருந்து நேரடி விமானம் இல்லை. டுபாய் வழியாகச் சென்றால் வானில் மட்டுமே 18 மணித்தியாலத்துக்கு மேல் ஆகும், இடைத்தங்கல் வேறு. கைத்தடியுடன் செல்பவருக்குச் சக்கர நாற்காலி கேட்பதா, கைப்பையில் எத்தனை வேளை மருந்து வைப்பதா என்பதெல்லாம் அந்தக் கணக்கைப் பொறுத்தே முடிவாகும்.

ஆகவே பயண முகவர்கள், தாம் கொடுக்கும் தாளில் பறக்கும் நேரம், இடைத்தங்கல் நேரம், வீட்டு மணிக்கூட்டின்படி சென்றடையும் நேரம் ஆகிய மூன்றையும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். தங்கள் பத்திரிகையும் பயண விளம்பரங்களை ஏற்கும்போது, கட்டணத்தின் அருகே மொத்தப் பயண நேரத்தையும் குறிப்பிடுமாறு விளம்பரதாரர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும் எனத் தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு – 06