காலி முகத்திடலுக்குத் தலைவர் யார்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2022ஆம் ஆண்டு இலங்கையில் பொருளாதார நெருக்கடியால் எழுந்த மக்கள் போராட்டத்தை வழிநடத்தியவர் யார் என்ற கேள்வி தேர்தல் நெருங்கும்போதெல்லாம் எழுகிறது. கேட்பவர் எந்தக் கட்சியோ அந்தக் கட்சியே விடையாகவும் அமைந்துவிடுகிறது. அந்த நாட்களில் வெள்ளவத்தையிலிருந்து பல மாலைகள், போராட்டம் மையங்கொண்டிருந்த கொழும்புக் கடற்கரைத் திடலான காலி முகத்திடலுக்குச் சென்றுவந்தவன் என்ற முறையில் இதை மறுத்து எழுதுவது என் கடமை எனக் கருதுகிறேன்.

மார்ச் 31 இரவு, அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் வீடிருந்த மிரிஹானையில் திரண்டவர்களை மின்வெட்டும் எரிவாயு வரிசையுமே அழைத்து வந்தன. ஏப்ரல் 9 முதல் திடலில் எழுந்த கூடாரங்களில் முன்னிலை சோசலிசக் கட்சியினர், ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) சார்ந்த இளைஞர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், மதகுருமார், எந்த அமைப்பிலும் சேராதோர் எனப் பலரும் இருந்தார்கள், உழைத்தார்கள். ஆனால் எல்லோர் சார்பிலும் கையெழுத்திடும் உரிமை எவரிடமும் இருக்கவில்லை.

அதனால்தான் மே 18 அன்று அங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்க முடிந்தது என்பது என் உறுதியான எண்ணம். தலைமைப்பீடம் ஒன்று இருந்திருந்தால், தென்னிலங்கை வாக்குகளைக் கணக்குப் பார்த்து அது தயங்கியிருக்கும். வெசாக் முடிந்து மூன்றாம் நாள் அது, கஞ்சிக் கோப்பையை வாங்கிய ஒரு சிங்கள மாணவி, "இது தன்சலா?" என்று, வெசாக்கில் இலவசமாக உணவு வழங்கும் பந்தலை நினைத்துக் கேட்டாள். பக்கத்தில் நின்ற தமிழ் அம்மா ஒருவர், 2009இல் போரின் இறுதி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சனங்கள் குடித்தது இதுதான் என்று தெரிந்த சிங்களத்தில் விளக்கினார். அந்தப் பிள்ளை கோப்பையோடு போய்த் தன் தோழியர் இருவரையும் அழைத்து வந்து, அவரிடம் மறுபடியும் சொல்லச் சொன்னாள்.

அதே தலைமையின்மைக்குக் கொடுத்த விலையையும் மறைக்கக் கூடாது. ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகை மக்கள் வசமானது. 14ஆம் திகதி கோட்டாபய ராஜபக்ஷ பதவி விலகினார். இடைக்கால அரசும் மக்கள் சபையும் வேண்டும் என்ற யோசனை திடலில் இருந்தும், அதை மேசையில் வைத்துப் பேச ஆணை பெற்றவர் யாரும் இல்லாததால், 20ஆம் திகதி பழைய பாராளுமன்றமே 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதியாகத் தெரிவு செய்தது. 22ஆம் திகதி விடியுமுன் படையினர் கூடாரங்களைப் பிடுங்கினார்கள்.

தலைவர்களை நியமித்தது உண்மையில் அரசுதான். ஆகஸ்டில் மாணவர் இயக்கத்தைச் சேர்ந்த மூவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அது தடுத்து வைத்தது. 1979 முதல் தமிழ் வீடுகள் அறிந்த அந்தச் சட்டம் அன்று தெற்கின் பிள்ளைகளையும் தொட்டது. 2019இல் 3 சதவீத அளவிலான வாக்குகளையே பெற்ற, ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்தி 2024 ஜனாதிபதித் தேர்தலின் முதல் எண்ணிக்கையில் 42 சதவீதத்தைத் தாண்டியதில் போராட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விளைச்சலை அறுத்தவரே விதைத்தவர் என்று வரலாறு எழுதப்படுவதை ஏற்க முடியாது.

ஆகவே, சமையற்கூடத்திலும் நூலகத்திலும் மருத்துவக் கூடாரத்திலும் பணியாற்றியவர்களைத் தேடி, அவர்களுள் பலர் வேலை தேடி வெளிநாடு போய்விட்ட நிலையில் எஞ்சியிருப்போரின் வாய்மொழிகளையேனும் தங்கள் நாளிதழ் தொடராக வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.