ஊர் ஒன்றுகூடல் ஊரிலேயே நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் யாழ்ப்பாணத்தில் எங்கள் வலிகாமம் வடக்கு ஊர்களின் பெயரால் ஒன்றுகூடல்கள் நடக்கின்றன. மண்டபம் எடுக்கிறார்கள். கோடை என்றால் பூங்காவில் கூடிக் கொத்துரொட்டி போடுகிறார்கள், சின்னப்பிள்ளைகளுக்கு ஓட்டப்போட்டி வைக்கிறார்கள். அன்றைக்கே படங்கள் எங்கள் கைபேசிக்கு வந்துவிடும். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் பலாலி, வசாவிளான் பக்கத்தில் இராணுவத்திடமிருந்து இன்னும் விடுபடாத காணிகளின் சொந்தக்காரர்களாகிய நாங்கள், சில மைல் தள்ளி மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் இருந்துகொண்டு ஊரில் ஒருநாள் கூடமுடியாமல் இருக்கிறோம். இராணுவத்தின் பிடியில் இருக்கும் ஒவ்வொரு ஊரிலும், அந்த ஊர்ச் சனம் முழுவதும் ஆண்டுக்கு ஒருநாள் காலையிலிருந்து மாலைவரை கூடியிருக்க வழிசெய்ய வேண்டும். இதைக் கேட்கத்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கோயில் திருவிழாவுக்கு விடுகிறார்கள்தானே என்று சிலர் சொல்லக்கூடும். விட்டிருக்கிறார்கள், உண்மை. அடையாள அட்டை இலக்கத்தோடு முன்கூட்டியே பெயர் பதியவேண்டியிருந்தது. நேரே கோயில் வாசலுக்குப் போகவேண்டியிருந்தது, பூசை முடிந்ததும் நேரே திரும்பவேண்டியிருந்தது. கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் சொந்த வளவு இருந்தாலும் அந்தப் பக்கம் திரும்பமுடியவில்லை. எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஊரிலேயே பிறந்து, பள்ளிக்கூடம் போய், கோப்பாயில் கலியாணம் முடித்தவர். அட்டையில் கோப்பாய் விலாசம் இருந்ததால் பட்டியலில் பெயர் ஏறவில்லை. பொங்குவதற்கு என்று கொண்டுவந்த அரிசியையும் பயறையும் சர்க்கரையையும் உள்ளே போகிற ஒருவரின் கையில் கொடுத்துவிட்டு, அவர் வெளியிலேயே நின்றார். இப்படி விலாசம் மாறிய பெண்பிள்ளைகள் ஊருக்கு எத்தனை பேர் இருப்பார்கள்! இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் ஊர்களில் சைவர்களும் இருந்தோம், கத்தோலிக்கரும் இருந்தார்கள். கோயிலுக்கு ஒருநாள், தேவாலயத்துக்கு ஒருநாள் என்று பிரித்துவிட்டால் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள் ஊர் மண்ணில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது எப்போது?

2025 ஏப்ரல் 10ஆம் திகதி, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதியைத் திறந்தார்கள். திறந்தபோது போட்ட நிபந்தனைகளை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காலை ஆறு மணிமுதல் மாலை ஐந்து மணிவரைதான் போகலாம், நடந்து போகக்கூடாது, இடையில் வாகனத்தை நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. அந்த நாட்களில் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் ஒரு பெரியவர் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். யன்னல் பக்கம் விரலை நீட்டி, “இது தபால்காரற்றை வளவு, இதிலைதான் சங்கக்கடை, இந்தா, இது எங்கடை” என்று சொல்லிக்கொண்டு போனார். பெடியன் திரும்பிப் பார்ப்பதற்குள் ‘எங்கடை’ கடந்துபோய்விட்டது. அந்தப் பிள்ளை பார்த்ததெல்லாம் பற்றைக்காடுதான். வேலியும் இல்லை, வீடும் இல்லை.

1990 யூனில் நாங்கள் ஊரை விட்டபோது, ஒரு கிழமையில் திரும்பலாம் என்றுதான் ஆட்டைக்கூட அவிழ்த்துவிடாமல் வந்தவர்கள் இருக்கிறார்கள். போர் 2009இல் முடிந்தது. 2013 ஏப்ரலில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கரைச் சுவீகரிப்பதாக அறிவித்தல் ஒட்டினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காணிக்காரர் நீதிமன்றம் போனார்கள். அதன் பிறகு துண்டு துண்டாக விட்டார்கள். 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் விடுபட்டது. அப்படி விடப்பட்ட இடங்களுக்குப் போனவர்கள் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டிருக்கிறேன். வீடுகள் தரைமட்டம். பூவரசும் கிளுவையும் நின்ற வேலி இருந்த இடமே தெரியவில்லை. காணி உறுதியில் வடக்கே இன்னார், கிழக்கே ஒழுங்கை என்று எழுதியிருக்கும். நிலத்தில் ஒழுங்கையே இல்லையே! ஒரு குடும்பம் கடைசியில் கிணற்றைக் கொண்டுதான் தங்கள் வளவைப் பிடித்தது. கட்டு இடிந்து கிணறு தூர்ந்துபோயிருந்தது. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு மட்டும் செம்மண்ணுக்கு மேலே தெரிந்தது. அந்த வீட்டு அம்மம்மா காலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தார். தொட்டி பூசிய அன்று ஈரச் சீமெந்தில் மேசன் கீறிய ஆண்டு அப்படியே இருந்தது. 1974. அவர் உயிரோடு இருந்தபடியால் கண்டுபிடித்தார்கள். அந்த வயதுக்காரர் இப்போது எங்கள் ஊரில் எத்தனை பேர் மிச்சம்? ஆண்டுக்கு ஒருநாள் உள்ளே போகக் கிடைத்தால், அவர்கள் காட்டக் காட்ட இளம் பிள்ளைகள் கைபேசியிலேயே கிணறு, ஒழுங்கை, கோயில், சுடலை எல்லாவற்றையும் குறித்து ஊருக்கு ஒரு வரைபடம் செய்துவிடுவார்கள். நாளைக்குக் காணி விடுபடும்போது எல்லைச் சண்டையும் குறையும்.

இப்படிக் கூடுவது உலகத்தில் நடக்காத காரியமும் இல்லை. இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில் இம்பர் என்று ஒரு கிராமம். 1943 நவம்பர் 1ஆம் திகதி அந்த ஊர்ச் சனத்தைப் பள்ளிக்கூடத்தில் கூட்டி, படைகளின் பயிற்சிக்கு இடம் வேண்டும், 47 நாட்களில் வெளியேறுங்கள் என்று சொன்னார்கள். ஏறக்குறைய 150 பேர் இருந்த சின்ன ஊர். போர் முடிந்தால் திரும்பலாம் என்று நம்பிப் போனார்கள். போர் முடிந்தும் படை விடவில்லை. 1961இல் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் திரண்டு ஊருக்குள் போய்ப் போராடியும் கிராமம் கிடைக்கவில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் செப்ரெம்பர் தொடக்கத்தை ஒட்டி அங்குள்ள புனித ஜைல்ஸ் தேவாலயத்தில் வழிபாடு நடக்கிறது. ஊரோடு தொடர்புள்ளவர்களும் இல்லாதவர்களும் போகிறார்கள்.

இதில் எங்களுக்குப் பயமும் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. இம்பர் சனத்துக்கு அந்த நாள் கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை. “ஆண்டுக்கு ஒருதரம் விடுகிறோமே, இன்னும் என்ன?” என்று எங்களுக்கும் சொல்லிவிடக்கூடாது. ஆகவே இந்த ஒன்றுகூடல் காணி விடுவிப்புக்குப் பதிலாக வருவதல்ல என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்கவேண்டும். வழக்குகளுக்கும் இதனால் பாதிப்பு வரக்கூடாது. சில ஊர்ப் பெரியவர்கள் இந்தக் காரணத்துக்காகவே வேண்டாம் என்கிறார்கள். அவர்களின் கவலை நியாயமானது. ஆனால் விடுபடும்வரை காத்திருப்போம் என்று இருந்தால், ஊரைக் காட்டித்தர ஆள் இருக்காது என்பதும் நியாயமான கவலைதானே?

நாளைப் பொறுத்தவரை, யூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று நல்லது என்பது என் எண்ணம். நாங்கள் வெளிக்கிட்ட மாதம் அது. ஞாயிறு என்றால் கத்தோலிக்கருக்குப் பூசை இருக்கும். மேடை வேண்டாம், அரசியல்வாதிகளின் பேச்சு வேண்டாம், படையினர் தேநீர் கொடுத்து வரவேற்பதும் வேண்டாம். அடுப்பு மூட்டிச் சமைப்போம், மரத்துக்குக் கீழே இருந்து சாப்பிடுவோம். முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் கண்ணை மூடி, வேறு ஊர்ச் சுடலைகளில் எரிந்த எங்கள் தாய் தகப்பன்மாரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்போம். கண்ணிவெடி அச்சம் உள்ள இடங்களைக் கயிறு கட்டி மறித்துவிடுங்கள், மற்ற இடங்களில் நடக்க விடுங்கள். திருவிழாவுக்குச் சனத்தை விடமுடிந்த இடத்தில் இதுவும் முடியும்.

வலிகாமம் வடக்குப் பிரதேச சபை இதை ஒரு தீர்மானமாக எடுத்து மாவட்டச் செயலாளருக்கு அனுப்பவேண்டும். ஊர்ச் சங்கங்கள் இப்போதே பெயர்ப் பட்டியலைத் தொடங்கலாம். அதில் இன்றைய விலாசத்தைப் பார்க்காமல், 1990இல் எந்த வளவில் இருந்தவர், யாருடைய பிள்ளை என்பதைப் பதியட்டும். அந்தப் பட்டியல்களை ஊர் ஊராகத் தங்கள் பத்திரிகை வெளியிட முன்வந்தால், விடுபட்ட பெயர்களை வாசகர்களே எழுதி அனுப்புவார்கள்.

இப்படிக்கு,
இடம்பெயர்ந்த வாசகர்,
மல்லாகம்.