மண்டப இரும்பு வேலை, உற்சவ ஜீப் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அம்மன் அருளால் சித்திரைத் திருவிழாவுக்கு முன்பே எல்லா வேலையும் முடிந்துவிட்டது. மடப்பள்ளி ஓடு, படிக்கட்டுக் கைப்பிடி, ஒயரிங் மூன்றும் சொன்ன தொகைக்குள் அடங்கின. கேள்வியெல்லாம் பெயிண்டைப் பற்றித்தான். பெயிண்ட் அடிக்க இத்தனை மாதமா, முதல் கான்ட்ராக்டரை ஏன் நிறுத்தினீர்கள், 62,000 ரூபாய் எப்படிக் கூடியது என்று கேட்கிறீர்கள். துருவின் மேல் பெயிண்ட் அடிக்கக் கமிட்டி சம்மதிக்கவில்லை. மூன்றுக்கும் அதுதான் பதில்.

முதல் கான்ட்ராக்டர் ஆவணியில் முடித்துத் தருவதாகச் சொல்லி அட்வான்ஸ் வாங்கினார். ஆட்களோடு வந்தது ஐப்பசியில். குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை பத்து மணிக்கும் மூடுபனி விலகாமல் இரும்புத் தூண்கள் வேர்த்து நின்றன. அதைக் கோணித் துணியால் துடைத்துவிட்டு அப்படியே ரெட் ஆக்சைடு என்ற சிவப்பு அடிப்பூச்சைப் பூசினார்கள். நான்காம் நாள் வடக்குத் தூணின் அடியில் நகத்தால் நெம்பினேன். கட்டைவிரல் அகலத்துக்குப் பெயிண்ட் பெயர்ந்து வந்தது. அதன் உள்பக்கம் பழுப்பாக, தொட்டால் ஈரமாக இருந்தது. பொருளாளரும் பூசாரியும் பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள்.

"மேல ரெண்டு கோட் எனாமல் போட்டா எல்லாம் மூடிடும்ணே" என்றார் கான்ட்ராக்டர். மூடும். உள்ளே இருக்கும் ஈரமும் காற்றும் இரும்பைத் தின்றுகொண்டேதான் இருக்கும். ரெட் ஆக்சைடு நல்ல இரும்பில் ஈரத்தைத் தடுக்கும் ஒரு திரை. துருவைக் குணப்படுத்தும் மருந்து அதில் இல்லை. ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினாலோ, பனி படியும் நிலையைவிட இரும்பு 3 டிகிரியாவது சூடாக இல்லாவிட்டாலோ பூசக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி. அன்றே வேலையை நிறுத்தினோம். செய்த வேலையை அளந்து, சாரம் கட்டிய கூலியும் சேர்த்துக் கணக்கை முடித்தோம். அட்வான்ஸில் மீதி திரும்பி வந்தது. அவர் கையெழுத்திட்ட தாள் கோப்பில் இருக்கிறது.

மழைக்காலத்தையும் வீணாக்கவில்லை. கழற்றிய பழைய ட்ரஸ் (கூரைச் சட்டம்) துண்டுகளில் ஒவ்வொரு பூச்சாக அடித்து, நடுவில் இரும்பு தெரியும்வரை ஆணியால் கீறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தொங்கவிட்டோம். துருவின் மேல் அடித்த ரெட் ஆக்சைடு, கீறலின் இரு பக்கமும் கொப்பளித்தது. துருவைக் கருப்பாக மாற்றும் அமிலக் கரைசல், துரு மெல்லியதாக இருந்த இடத்தில் நன்றாகவே நின்றது. பொருக்குத் தட்டிய இடத்தில் பொருக்கோடு உதிர்ந்தது. கிரைண்டரில் வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து எபாக்ஸி பிரைமர் (இரண்டு பொருளைக் கலந்து அடிக்கும், கெட்டியாக இறுகும் அடிப்பூச்சு) அடித்த துண்டில் கீறல் மட்டும்தான் துருவேறியது. துத்தநாகம் நிறைந்த பிரைமர் அதைவிட உசத்தி. ஆனால் துத்தநாகம் நேராக இரும்பைத் தொட்டால்தான் அது வேலை செய்யும். அதற்குக் கம்ப்ரஸர் காற்றால் மணல் வீசித் துப்புரவாக்க வேண்டும். அந்தக் கம்ப்ரஸரை நம் படிக்கட்டில் ஏற்ற வழியில்லை.

ஆக, எபாக்ஸி என்று முடிவானது. சாதாரண எபாக்ஸி 10 டிகிரிக்குக் கீழே சரியாக இறுகாது. மார்கழி, தையில் நம் இரவுகள் அதற்கும் கீழே போகும். மாசி வெயிலுக்குக் காத்திருந்தது அதனால்தான். வெயிலில் எபாக்ஸி சுண்ணாம்பு போல வெளுக்கும் என்பதால் மேலே பாலியூரித்தேன் பூச்சு. கூடிய பணத்தில் பெரும்பகுதி தேய்ப்புக் கூலி. மூன்று கொட்டேஷன் வாங்கினோம். வேலை எடுத்தவர் கமிட்டியில் யாருக்கும் உறவில்லை. இதற்கு மேலும் சந்தேகம் உள்ளவர்கள் கோப்பைப் பார்க்கலாம்.

ஜீப்புக்கு வருகிறேன். அடிப்பாகத்துக்குப் பழைய இன்ஜின் ஆயில் போதும் என்று டிரைவர் அண்ணன் சொன்னதில் நியாயம் உண்டு. தகட்டு இடுக்குகளில் ஆயில் ஊர்ந்து போய்ச் சேரும். ஆனால் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களை அது ஊதவைத்துக் கெடுக்கும். பால்குடம் எடுத்து வெறுங்காலோடு பின்னால் வரும் பெண்களின் பாதையில் சொட்டும். சிலர் கேட்ட தார்ப்பூச்சு, நாளாக ஆகக் குளிரில் வெடித்து, வெடிப்புக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும். துரு வெளியே தெரியவே தெரியாது. இடது சேஸிஸில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கியது பழைய தாருக்கு அடியில்தான். அங்கே தகடு வெட்டி வெல்டு வைத்தோம். வெளிப்பக்கம் எபாக்ஸி, உள்ளே வெற்றிடமான பெட்டிச் சட்டங்களுக்குள் மெழுகுப் பூச்சு. தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காமல் விட்டிருக்கிறோம், யாரும் அடைத்துவிடாதீர்கள்.

மேல் லைன், கீழ் லைன் குடும்பங்கள், ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் வித்தரிங் பகுதி நண்பர்கள், கொழுந்து பறிக்கும் அக்காமார்களின் சுயஉதவிக் குழு, டீக்கடை அண்ணாச்சி, பேக்கரிக்காரர், மார்க்கெட் உருளைக்கிழங்கு மண்டி, அடுத்த ஹட்டி (படுகர் ஊர்) பெரியவர்கள், ஜீப் ஸ்டாண்ட் டிரைவர்கள், திருப்பூரிலிருந்து மாதாமாதம் அனுப்பிய நம் பிள்ளைகள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா, பெயர் வேண்டாம் என்று உண்டியலில் கட்டாகப் போட்டவர்: எல்லோருக்கும் கமிட்டி நன்றிக்கடன் பட்டிருக்கிறது. பெயரும் தொகையும் மண்டபப் பலகையில் உள்ளன.

மிச்சப் பெயிண்ட் பூசாரியிடம் இருக்கிறது; கீறல் கண்டால் உடனே சொல்லுங்கள். ஜீப்புக்கு அடுத்த மெழுகுப் பூச்சு புரட்டாசியில். அதற்கு 4,000 ரூபாய் தனியே எடுத்து வைத்திருக்கிறோம். ரசீதுகளைச் செவ்வாய்க்கிழமை மாலை பூஜைக்குப் பிறகு பார்க்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணிக் கமிட்டி