வண்டி இப்போது யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுஞ்சாலையில் தானாகவே லேன் மாறி, தானாகவே எக்ஸிட்டில் இறங்கும் மின்சாரக் கார்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேமரா எத்தனை, ரேடார் உண்டா, எந்தக் கார் கெட்டிக்காரக் கார் என்றெல்லாம் அலசியிருந்தீர்கள். அப்படி ஒரு வண்டியை ஓட்டுகிறவன் என்ற முறையில், அதில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லத் தோன்றியது. கார் எவ்வளவு நன்றாக ஓட்டுகிறது என்பதல்ல எங்கள் தலைவலி. இந்த நொடியில் எந்த வேலையை அது பார்க்கிறது, எது நம் தலையில் இருக்கிறது என்பது பல நேரம் சட்டென்று புரிவதில்லை. அதுதான் தலைவலி.

குறை சொல்வதற்கென்றே எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஊர்ந்து நகரும் நெரிசலில் கால்களுக்குக் கிடைக்கும் ஓய்வு ஒன்றுக்காகவே இந்த வசதியை நான் விடமாட்டேன். நீண்ட நேரான சாலையிலும் அதன் பிடி என் பிடியைவிட நிதானம்தான்.

ஆனால் திரையைப் பாருங்கள். என் வண்டியில் வழிகாட்டியோடு (போகும் இடத்துக்கு வழி சொல்லும் நேவிகேஷனோடு) சேர்ந்து ஓடும்போது லேனின் நடுவே ஒரே ஒரு நீலக்கோடு தெரியும். வழிகாட்டி விலகிக்கொண்டால் நடுக்கோடு மறைந்து, இரண்டு ஓரத்திலும் நீலக்கோடுகள் வரும். கண்ணுக்குத் தெரியும் பெரிய வித்தியாசம் இவ்வளவுதான். முதல் நிலையில் வண்டி நமக்காக எக்ஸிட்டில் இறங்கும். இரண்டாவதில் லேனைப் பிடித்துக்கொண்டு நேரே போய்க்கொண்டே இருக்கும். இரண்டிலும் ஸ்டியரிங் ஒரே மாதிரிதான் அசைகிறது, வேகமும் அதேதான். சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நிலை மாறியது எப்படித் தெரியும்? கோட்டைப் பார்க்கத் திரும்பினால் சாலை போச்சு.

ஸ்டியரிங் விஷயம் இதைவிட மோசம். அவசரத்துக்கு நாமே திருப்பினால் என்ன ஆகும் என்பது வண்டிக்கு வண்டி வேறு. சில கார்களில் லேன் உதவி (வண்டியை லேனுக்குள் பிடித்து வைக்கும் வசதி) மட்டும் விலகும், வேகக் கட்டுப்பாடு அப்படியே இருக்கும். எக்ஸிட் வளைவில் நாம் திருப்பிக்கொண்டிருக்க, வண்டி நெடுஞ்சாலைக்கு வைத்த வேகத்தையே பிடிக்கப் பார்க்கும். வேறு சில கார்களில் லேன் உதவி கொஞ்சம் ஒதுங்கி நின்று, நாம் கையைத் தளர்த்தியதும் தானாகத் திரும்பி வந்துவிடும். பிரேக்கை மிதித்தால் பெரும்பாலும் இரண்டுமே விலகும். நண்பரின் காரையோ வாடகைக் காரையோ ஓட்டும்போது இதில் எது நம் வண்டி என்று அந்த நேரத்தில் யோசிக்க முடியுமா?

மின்சாரக் காருக்கே உரிய சங்கதி ஒன்றும் உண்டு. பெட்ரோல் வண்டியில் குரூஸை, அதாவது வேகக் கட்டுப்பாட்டை, ரத்து செய்தால் வண்டி மெல்ல உருண்டு வேகம் குறையும். ஒற்றைப் பெடலில் (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வேகம், விட்டால் பிரேக் பிடித்த மாதிரி) ஓட்டும்படி அமைத்த மின்சாரக் காரிலோ, அந்த நொடியே மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றத் தொடங்கிவிடும். கால் ஆக்ஸிலரேட்டரில் இல்லையென்றால் பிரேக் பிடித்த மாதிரியே இழுக்கும். பின்சீட்டில் இருப்பவர்களின் தலை ஒருமுறை முன்னே வந்து போகும். பிரேக் விளக்கும் எரியும், பின்னால் வருகிறவர் காரணம் புரியாமல் திகைப்பார். ஆக்ஸிலரேட்டரில் காலை லேசாக வைத்துக்கொண்டு, அப்புறம் ரத்து செய்வதுதான் வழி. எனக்கு வண்டி விற்றவர் இதைச் சொல்லித் தரவில்லை.

அதேபோல, பயணத்தின் நடுவில் சார்ஜ் கணக்கு மாறினால் வழிகாட்டி சார்ஜ் ஏற்றப் புதிதாக ஒரு நிறுத்தத்தைச் சேர்த்துவிடும். நாம் நினைக்காத எக்ஸிட்டுக்கு வண்டி இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு கிளம்பும்!

எந்த நிலையில் இருக்கிறோம் என்பது பளிச்சென்று தெரிய வேண்டும் என்ற பாடத்தை விமானத் துறை பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1992 ஜனவரியில் பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர் அருகே ஒரு ஏ320 விமானம் மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். இறங்கும் கோணம் 3.3 டிகிரி என்று வைப்பதாக எண்ணி, நிமிடத்துக்கு 3,300 அடி இறங்கும் நிலையில் விமானிகள் வைத்துவிட்டார்கள் என்பதே விசாரணையில் முதன்மையாகக் கருதப்பட்ட காரணம். ஒரு நிலையில் திரை 3.3 என்று காட்டும், மற்றதில் 33 என்று காட்டும். பயிற்சி பெற்ற இருவர் காக்பிட்டில் இருந்தும் இது நடந்தது. பிறகு அந்த எண்ணை நான்கு இலக்கமாகக் காட்டும்படி மாற்றினார்கள்.

கார்களிலும் இது தெரியாத விஷயமல்ல. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லா கார்களுக்கு ரீகால் (குறையைச் சரிசெய்து தரும் அறிவிப்பு) வந்தபோது, எச்சரிக்கைகளைத் திரையில் எடுப்பாகக் காட்டுவதும் வசதியைப் போடுவதையும் எடுப்பதையும் எளிதாக்குவதும் அந்தத் திருத்தத்தில் இருந்தன. 2025 மார்ச்சில் சீனாவில் ஷாவ்மி எஸ்யு7 கார் ஒன்று இந்த வசதி ஓடிக்கொண்டிருக்க, மணிக்கு 116 கி.மீ. வேகத்தில் சாலைப் பணி நடக்கும் இடத்தை நெருங்கியது. எச்சரிக்கைக்கும் மோதலுக்கும் இடையில் இருந்தது சில விநாடிகளே என்பது நிறுவனமே வெளியிட்ட விவரம். மூவர் இறந்தார்கள். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு 32 மீட்டர் போய்விடும். சத்தம் போட்டு வண்டியைக் கையில் கொடுக்கும்போதே இந்தக் கதி என்றால், சத்தமில்லாமல் ஒரு நீலக்கோட்டை மட்டும் மாற்றிவிட்டுக் கொடுப்பதை என்னவென்று சொல்வது?

‘ஓட்டுநர் எப்போதும் கவனமாக இருக்க வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கிறதே’ என்பார்கள். சரி, இருக்கிறது. இவை லெவல் 2 வசதிகள், அதாவது ஸ்டியரிங்கிலும் வேகத்திலும் உதவி மட்டுமே செய்பவை; பொறுப்பு ஓட்டுகிறவருடையது என்பதில் எனக்கும் தகராறில்லை. பொறுப்பை என்னிடம் விட்டவர்கள், அதில் எந்தப் பங்கு இப்போது என்னுடையது என்று சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே எனக்குத் தெரியும்படி செய்ய வேண்டாமா? நிலை மாறும்போது ஒரு தனி ஒலி, ஸ்டியரிங்கில் ஒரு சிறு அதிர்வு, அல்லது ஸ்டியரிங்கிலேயே நிறம் மாறும் ஒரு விளக்கு போதும். ஸ்டியரிங்கில் விளக்கு வைத்த கார்கள் 2017 முதலே சாலையில் ஓடுகின்றன.

உங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கார் விமர்சனத்தில், லேன் எவ்வளவு நளினமாக மாறியது என்பதோடு இவற்றையும் சோதித்து எழுதுங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் வேகம் யார் வசம் இருக்கிறது? லேன் உதவி தானாகத் திரும்பி வருகிறதா? வழிகாட்டி விலகும்போது காதுக்கு ஏதாவது கேட்கிறதா? குரூஸை ரத்து செய்தால் வண்டி எவ்வளவு பலமாக இழுக்கிறது? வண்டி வாங்கப் போகிறவர் இந்த நான்குக்கும் ஷோரூமில் பதில் வாங்குவது கடினம்.

இப்படிக்கு,
மின்சாரக் கார் ஓட்டும் வாசகர் ஒருவர்