ஏஸ் கணக்கு இருக்கட்டும், இரண்டாவது சர்வ் கணக்கையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

டெல்லி ராமகிருஷ்ணபுரத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன். உங்கள் நாளிதழை இப்போதெல்லாம் கைபேசியில்தான் படிக்கிறேன், படிக்கும்போது விளையாட்டுப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவேன். புல்தரையில் ஆடும் விம்பிள்டன் டென்னிஸ் நடக்கும் இரண்டு வாரமும் அந்தப் பக்கத்தில் ஒரு கட்டம் வருகிறது: அதிக ஏஸ் (எதிராளியின் மட்டை தொடவே முடியாத சர்வ்) அடித்தவர் யார், அதிவேக சர்வ், அதாவது பாயின்டைத் தொடங்கிவைக்கும் அடி, மணிக்கு எத்தனை கிலோமீட்டர். அந்தக் கட்டத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலை மந்திரில் சுவாமி பார்த்துவிட்டு இறங்கினால் படிக்கட்டுக்குக் கீழே நாங்கள் ஐந்தாறு பேர் நின்று பேசுவது வழக்கம். எல்லாரும் தமிழ்க்காரர்கள், எல்லாருக்கும் டென்னிஸ் பைத்தியம். அங்கே வரும் தீர்ப்புகள் மூன்றே வகைதான். "இவன் சர்வ் இருநூத்தி இருபதுல வருது மாமா, புல்லுல இவனை அசைக்க முடியாது." "அவளுக்குப் புல்லு ஆகாது, மண்ணுல ஆடட்டும்." "அவனுக்குத் திமிரு, மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா, அதான் தோக்கறான்." இதைச் சொல்பவர்கள் முப்பது நாற்பது வருஷமாக ஆட்டம் பார்ப்பவர்கள், நான் மதிப்பவர்கள். ஆனாலும் மூன்றுமே தப்பு என்றுதான் நினைக்கிறேன், அந்தத் தப்புக்குப் பத்திரிகைகளில் வரும் கட்டங்களும் ஒரு காரணம்.

முதலில் வேகம். திரையில் காட்டும் வேகம் பந்து மட்டையை விட்டுக் கிளம்பும்போது இருக்கிற வேகம். காற்றில் வந்து தரையில் குத்தி எதிராளியின் மட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் அதில் பெரும்பகுதி குறைந்துவிடும். எங்கே குத்தியது, எந்தப் பக்கம் விலகியது, எவ்வளவு உயரம் எழும்பியது என்பதை அந்த எண் சொல்லாது. நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணனின் சர்வ் மெதுவானது என்று அவர் ஆட்டத்தைப் பார்த்த எல்லாரும் சொல்வார்கள். அந்த சர்வை வைத்துக்கொண்டுதான் 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதிவரை போனார், 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் தோற்கடித்தார். மகன் ரமேஷும் அதே வழி. 1987இல் சிட்னியில், புல்தரையில், நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பை அரையிறுதி 2-2 என்று நிற்கிறது, கடைசி ஆட்டத்தில் வாலி மசூரை அவர் வென்றதால்தான் இந்தியா இறுதிப் போட்டிக்குப் போனது. ஆஸ்திரேலியர்களை அவர்கள் ஊர்ப் புல்லிலேயே! அன்றைக்கு ஒரு வேகக் கட்டம் போட்டிருந்தால் ரமேஷ் பெயர் அதில் வந்திருக்குமா?

ஏஸ் கணக்கும் அப்படித்தான். 2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிகோலா மஹுவும் மூன்று நாளில் 11 மணி 5 நிமிடம் ஆடினார்கள், கடைசி செட் 70-68. இஸ்னர் 113 ஏஸ், மஹு 103 ஏஸ். இன்றைக்கும் எல்லாரும் சொல்லி வியக்கிற எண்கள், நானும் வியந்தவன்தான். ஆனால் அந்த ஆட்டம் ஏன் முடியாமல் இழுத்தது என்று கேட்டால், ஒருவர் சர்வை மற்றவரால் திருப்பி உடைக்க முடியவில்லை என்பதுதான் பதில். ஏஸ் எண்ணிக்கை இருவருக்கும் கிட்டத்தட்ட சமம், அதை வைத்து யார் ஜெயித்தார் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

சர்வை எங்கே எடைபோட வேண்டும்? ஒரு பாயின்டுக்கு இரண்டு சர்வ் வாய்ப்புதான். 30-40, இந்தப் பாயின்ட் போனால் தன் சர்வ் கேமே போய்விடும், முதல் சர்வ் நெட்டில், கையில் ஒரே ஒரு பந்து. அங்கே. நல்ல ஆண் ஆட்டக்காரர்கள் முதல் சர்வ் உள்ளே விழுந்த பாயின்ட்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள், இரண்டாவது சர்வில் பாதியை ஒட்டித்தான் நிற்கும். என்னைக் கேட்டால் இரண்டாவதில்தான் ஆள் யார் என்பது தெரியும். பீட் சாம்ப்ராஸ் ஏழு முறை விம்பிள்டன் வென்றதற்கு என் கண்ணுக்குப் பட்ட காரணம் அவருடைய இரண்டாவது சர்வ்தான். மற்றவர்கள் பயந்து தள்ளிவிடும் இடத்தில் அவர் முழு வீச்சோடு அடிப்பார்.

அப்புறம் இந்த ஆட்டிட்யூட் விஷயம். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் மூஞ்சியைப் பார்த்து மனசைச் சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் ரொம்ப ஊறிப்போயிருக்கிறது. 2001 விம்பிள்டன் இறுதிப் போட்டியில் கோரான் இவானிசெவிச்சும் பேட் ராஃப்டரும் ஐந்தாவது செட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கோரான் அதற்கு முன் மூன்று இறுதியில் தோற்றவர், தரவரிசையில் 125, வைல்ட் கார்டு என்ற சிறப்பு அனுமதி கொடுத்ததால் உள்ளே வந்தவர். 8-7இல் அவர் சர்வ். வெற்றிப் பாயின்ட் வருகிறது, டபுள் ஃபால்ட், இரண்டு சர்வும் தப்பு. மறுபடி வெற்றிப் பாயின்ட், மறுபடி டபுள் ஃபால்ட். மனிதர் அழுகிறார், வானத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார், தன்னோடு தானே பேசுகிறார். அந்த நேரத்தில் எங்கள் படிக்கட்டுக் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தால் "மனசு உடைஞ்சுபோச்சு, அவ்வளவுதான்" என்று எழுந்து போயிருக்கும். நாலாவது வெற்றிப் பாயின்டில் ஜெயித்தார்.

2019 இறுதி அதற்கு நேர் எதிர். ஃபெடரர் 8-7, 40-15, அவருடைய சர்வ், அதுவும் அடுத்தடுத்து இரண்டு ஏஸ் அடித்து அந்த இடத்துக்கு வந்திருக்கிறார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. இரண்டு வெற்றிப் பாயின்டும் போய்விட்டது, ஜோகோவிச் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த ஆட்டத்தில் ஃபெடரர் 25 ஏஸ், ஜோகோவிச் 10. மொத்தப் பாயின்ட்கள்கூட ஃபெடரருக்குத்தான் அதிகம், 218க்கு 204. உங்கள் கட்டத்தை மட்டும் படித்த ஒருவர் ஃபெடரர்தான் ஜெயித்தார் என்று சத்தியம் செய்திருப்பார். (அந்த விம்பிள்டனுக்குத்தான் இவானிசெவிச் ஜோகோவிச்சின் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கும்.)

அழுதவர் ஜெயித்தார், அசையாதவர் தோற்றார். இன்னொரு நாள் இது மாறியும் நடக்கலாம். இதே ஃபெடரர் சின்ன வயதில் மட்டையை வீசி எறிந்தவர்தானே. நிக் கிரியோஸைத் திமிர் பிடித்தவன் என்கிறோம், அவர் பேசிய பல பேச்சை நானும் ஏற்கவில்லை, ஆனால் 2022 இறுதிவரை அவரைக் கொண்டுவந்தது அந்த சர்வ்தான், அதை அவர் மூஞ்சிக்காகக் குறைத்து மதிப்பிடுவது நியாயமில்லை. நான் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு டாஸை, அதாவது சர்வுக்குப் பந்தை மேலே போடுவதை, பார்க்க ஆரம்பித்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. ஒரு டபுள் ஃபால்டுக்கு அப்புறம் பந்தை மேலே போடும் கை அதே உயரத்துக்குப் போகிறதா, அவசரப்பட்டுத் தாழ்வாகப் போடுகிறாரா? ஆட்டக்காரர் கத்தினாலும் அழுதாலும் மறைக்க முடியாத இடம் அது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் மகள். வயது பதிமூன்று. போன ஜனவரியில் தெற்கு டெல்லியில் ஒரு ஜூனியர் போட்டி, காலை எட்டரை மணி, மூடுபனி இன்னும் விலகவில்லை, தரை ஈரம், பந்து நனைந்து கனத்துக் கிடக்கிறது. இரண்டாவது செட்டில் அடுத்தடுத்து மூன்று டபுள் ஃபால்ட். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், அவள் என் பெண் என்று தெரியாமல், "பொண்ணுக்கு ஆட்டிட்யூடே இல்லை" என்று இந்தியில் சொன்னார். எனக்கு முகம் சூடாகிவிட்டது, ஒன்றும் பேசவில்லை. அவள் ஸ்வெட்டர் கையில் பந்தைத் துடைத்தாள். விரலை வாயருகே கொண்டுபோய் ஊதினாள், இரண்டு தடவைக்குப் பதிலாக நாலு தடவை பந்தைத் தரையில் தட்டினாள். நாலாவது பாயின்டில் இரண்டாவது சர்வ் நெட்டுக்கு ஒன்றரை அடி மேலே சுழன்று போய் உள்ளே விழுந்தது, எதிர்ப்பக்கத்துப் பெண் அதை வெளியே அடித்தாள். அந்த செட்டைத் தோற்றாள், ஆட்டத்தையும் தோற்றாள். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் அவள் சொன்னது, "அப்பா, கை விறைச்சுப் போச்சு, பந்தைப் பிடிக்கவே முடியலை, டாஸ் தள்ளிப் போச்சு." அவ்வளவுதான் விஷயம். குளிர், விரல், டாஸ். ஆட்டிட்யூட் இல்லை என்று ஒரு குழந்தையைப் பார்த்துச் சொல்ல எவ்வளவு சுலபமாக வாய் வருகிறது பாருங்கள்.

சரி, புல்லுக்கு வருகிறேன். "அவளுக்குப் புல்லு ஆகாது" என்று எங்கள் கூட்டம் சொன்னது இகா ஸ்வியான்டெக்கைத்தான். மண்தரையில் நடக்கும் பிரெஞ்ச் ஓபன் நாலு முறை வென்றவர், விம்பிள்டனில் அதுவரை காலிறுதியைத் தாண்டாதவர், அதனால் அப்படிச் சொன்னதில் ஆச்சரியமில்லை. 2025இல் அவர் இறுதியில் அமன்டா அனிசிமோவாவை 6-0, 6-0 என்று 57 நிமிடத்தில் வென்றார். நாம் மனசில் வைத்திருக்கும் புல் பழைய புல். 2001இலிருந்து விம்பிள்டனில் முழுக்க ரைகிராஸ் என்ற ஒரே வகைதான், அதற்கு முன் முப்பது சதவீதம் வேறு வகை கலந்திருக்கும். புல் தேய்ந்துபோகாமல் தாங்குவதற்காக மாற்றினார்கள், கூடவே தரையும் இறுகிப் பந்து முன்னைவிட நன்றாக எழும்புகிறது. அதுவும் முதல் வாரப் புல் வேறு, பச்சையாக வழுக்கும், இரண்டாவது வாரம் பின்கோட்டருகே பழுப்பு மண்ணாகிவிடும். இந்தப் புல்லில் முழங்காலை மடக்கிச் சின்னச் சின்ன அடியாக வைத்து நகரத் தெரிந்தவர்கள் ஜெயிக்கிறார்கள்.

எங்கள் ஊரிலேயே 2022 மார்ச்சில் டெல்லி ஜிம்கானா கிளப் புல்தரையில் டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் டென்மார்க்கை இந்தியா 4-0 என்று வென்றது. முதல் நாள் சென்னைப் பையன் ராம்குமார் ராமநாதன் ஜெயித்தார், அவருக்குப் பெரிய சர்வ் உண்டு. அதே நாள் யூகி பாம்ப்ரியும் ஜெயித்தார், அவரை யாரும் சர்வுக்காகப் பேசுவதில்லை, ரிட்டர்னுக்காகத்தான் பேசுவார்கள். ஒரே புல், ஒரே நாள், இரண்டு விதமான ஆட்டம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஏஸ் எண்ணிக்கையை எடுத்துவிடச் சொல்லவில்லை, அதைப் படிக்க எனக்கும் பிடிக்கும். அதற்குக் கீழே இரண்டு வரி மட்டும் சேருங்கள்: இரண்டாவது சர்வில் எடுத்த பாயின்ட் எத்தனை, எதிர்கொண்ட பிரேக் பாயின்டில் (போனால் தன் சர்வ் கேமே போய்விடும் பாயின்ட்) காப்பாற்றியது எத்தனை. இரண்டும் போட்டிக்காரர்களே ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கொடுக்கும் கணக்கில் இருக்கிறது, உங்கள் ஆட்கள் புதிதாக எதையும் எண்ண வேண்டாம். வரும் ஜூன் கடைசியில் விம்பிள்டன் தொடங்கும்போது அந்தக் கட்டம் அப்படி வந்தால், அதை முதல் ஆளாக மலை மந்திர் படிக்கட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ராமகிருஷ்ணபுரம், புது டெல்லி